ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை மாத்தினா பழைய பாட்டெல்லாம் என்ன ஆகும்? திருப்பரங்குன்றத்து ஸ்டுடியோ அறையிலிருந்து ஒரு விளக்கம்

திருப்பரங்குன்றம் ரயில் நிலையத்தில் இறங்கி மலையைப் பார்த்தபடி நடந்தால், ஒரு சந்துக்குள் மாடிப்படி. மேலே பத்துக்குப் பத்து அறை. சுவரில் முட்டை அட்டை, அதன் மேல் பழைய கம்பளி. ஒரு மைக், ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர். பங்குனித் திருவிழா நெருங்கினால் முருகன் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு, மற்ற நாளில் ஆட்டோவில் ஓடும் ஜவுளிக்கடை விளம்பரம். எல்லாம் இந்த அறையில்தான் பதிவாகும்.

அறையின் சொந்தக்கார அண்ணன் போன வாரம் எனக்கு போன் பண்ணினார். "தம்பி, நீ இந்த கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் எழுதுறவன்தானே? ஒரு நாள் வா. எங்கிட்ட பத்து வருசப் பாட்டு கெடக்கு. திறக்குமா திறக்காதான்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருக்கேன்."

விஷயம் இதுதான். அவர் பாட்டுப் பதிவுக்குப் பல வருஷமாகப் பயன்படுத்துவது கேக்வாக் என்ற மென்பொருள். அதன் இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றுக்கு மாற வேண்டும். அதே நேரத்தில் ஒருவர் வந்து, 2014-ல் அங்கே பதிவுசெய்த தன் அப்பத்தாவின் தாலாட்டுப் பாட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அப்பத்தா இப்போது இல்லை. திதிக்கு அந்தக் குரலைப் போட வேண்டுமாம்.

"செஷனைத் திறந்தேன்பா. கிழவி குரல் வந்துருச்சு. மத்ததுல பாதியைக் காணோம்" என்றார் அண்ணன்.

ஏன் பாதியைக் காணோம்? மாறுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? எது கூட வரும், எது வராது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இந்த மென்பொருள் என்னதான் செய்கிறது?

ஆங்கிலத்தில் இதை டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன் என்பார்கள். சுருக்கமாக டா. புரோ டூல்ஸ், கியூபேஸ், லாஜிக் புரோ, எஃப்.எல். ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர், கேக்வாக் எல்லாம் இந்த வகை. பாடுபவர் குரல் ஒரு ட்ராக், தவில் ஒரு ட்ராக், கீபோர்டு ஒரு ட்ராக் என்று தனித்தனியாகப் பதிந்து, வெட்டி ஒட்டி, சத்தத்தைச் சமன் செய்து, ஒரே பாட்டாக ஆக்கித் தரும் வேலை.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நாம் 'சேவ்' செய்யும் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் பெரும்பாலும் பாட்டு இருக்காது. சமையல் குறிப்பு மாதிரி ஒரு பட்டியல்தான் இருக்கும். "இந்த போல்டரில் உள்ள இந்தக் குரல் ஃபைலை 12-வது நொடியில் ஆரம்பி, அதற்கு இந்த எஃபெக்டைப் போடு, சத்தத்தைக் கொஞ்சம் குறை" என்கிற மாதிரி. அரிசி, பருப்பு எல்லாம் வேறு டப்பாவில். குறிப்பு எழுதிய மொழியோ அந்தந்த மென்பொருளுக்கே உரியது. கியூபேஸ் எழுதியது லாஜிக்குக்குப் புரியாது, லாஜிக் எழுதியது ரீப்பருக்குப் புரியாது.

மாறும்போது வரும் சிக்கல் அத்தனைக்கும் வேர் இதுதான்.

கேக்வாக்குக்கு என்ன ஆச்சு?

கேக்வாக் 1987-ல் டாஸ் காலத்தில் அமெரிக்காவில் பிறந்தது. பிறகு விண்டோஸில் சோனார் என்ற பெயரில் வளர்ந்தது. 2013-ல் கிட்டார் நிறுவனமான கிப்சன் அதை வாங்கியது. 2017 நவம்பரில், இனி இதை உருவாக்கப் போவதில்லை என்று கிப்சன் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

2018 பிப்ரவரியில் சிங்கப்பூரைச் சேர்ந்த பேண்ட்லேப் அதன் சொத்துகளை வாங்கி, அடுத்த சில வாரங்களில் முழு மென்பொருளையும் இலவசமாகவே கொடுத்தது. காசு கொடுத்து வாங்க முடியாத சின்ன ஸ்டுடியோக்களுக்கு அது பெரிய வரம். 2023 ஜூனில் சோனார் என்ற பழைய பெயரிலேயே புதிய பதிப்பு வரப்போவதாகச் சொன்னார்கள். 2025-ல் பழைய இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டு, புதிய சோனாரிலேயே ஓர் இலவச நிலையும் வந்தது.

"ஒரு தடவை கடையை மூடுனாய்ங்க. அப்புறம் இன்னொருத்தர் திறந்தாய்ங்க. மறுபடி பேரை மாத்திட்டாய்ங்க. ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கம் போச்சு" என்கிறார் அண்ணன். பழைய கேக்வாக் ப்ராஜெக்ட்டைப் புதிய சோனார் திறக்கும் என்பதால் அவசரத்துக்கு அவருக்கு ஒரு வழி இருக்கிறது. ஆனாலும் அவர் முழுசாகவே வேறு இடம் போய்விட நினைக்கிறார்.

இப்படி நடப்பது இதுதான் முதல் தடவையா?

இல்லை. இன்று ஏ.ஆர்.ரஹ்மானின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் லாஜிக் மென்பொருளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த இமேஜிக் நிறுவனம் உருவாக்கிய லாஜிக், ஒரு காலத்தில் விண்டோஸிலும் ஓடியது. 2002 ஜூலையில் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 30-ஓடு விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது இரண்டே வழி: மேக் வாங்குவது, இல்லையென்றால் வேறு மென்பொருளுக்குப் போவது.

ப்ளக்-இன்களிலும் இதே கதைதான். 2013-ல் வந்த லாஜிக் புரோ எக்ஸ், 32-பிட் ப்ளக்-இன்களைக் கைவிட்டது. 2016-ல் கியூபேஸ் 9-ம் அதையே செய்தது. 2019-ல் மேக் இயங்குதளமே 32-பிட் மென்பொருள்களை நிறுத்தியது. நாம் மாறாவிட்டாலும் நம்மைச் சுற்றி எல்லாம் மாறிவிடும்.

அப்பத்தா பாட்டில் காணாமல் போனது எது?

அண்ணனின் 2014 செஷனைத் திறந்து பார்த்தோம். பன்னிரண்டு ட்ராக். அதில் குரல், உறுமி, தவில், சலங்கை ஆகியவை மைக் வழியாகப் பதிந்தவை. இவை வேவ் ஃபைல்களாக போல்டரில் இருந்ததால் அப்படியே வந்துவிட்டன. மிச்சம் நாதஸ்வரம், வீணை, தந்தி இசை எல்லாம் கீபோர்டில் வாசித்தவை. அந்த ட்ராக்குகளில் வரி வரியாகப் புள்ளிகள் தெரிகின்றன, சத்தம் மட்டும் வரவில்லை.

காரணம், கீபோர்டில் வாசித்ததை மிடி என்ற வடிவில் சேமிப்பார்கள். மிடியில் ஒலி இருக்காது. 'இந்த ஸ்வரம், இவ்வளவு நேரம், இவ்வளவு அழுத்தம்' என்ற குறிப்பு மட்டும்தான். அந்தக் குறிப்பைப் படித்து ஒலி எழுப்புவது ப்ளக்-இன் என்ற துணை மென்பொருள். அண்ணன் 2014-ல் வைத்திருந்த நாதஸ்வர ப்ளக்-இன் இப்போதைய கம்ப்யூட்டரில் இல்லை. அதை வாங்கிய ரசீதும் சாவி எண்ணும் ஃபார்மேட் ஆன பழைய ஹார்டு டிஸ்க்கோடு போய்விட்டன.

அன்றே அந்த நாதஸ்வர ட்ராக்கை ஒலியாக எடுத்து வேவ் ஃபைலாக வைத்திருந்தால்? இன்றைக்கு எந்த மென்பொருளிலும் திறந்திருக்கும்.

அப்போ, மாறும்போது எது வரும், எது வராது?

எளிதாக மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கண்டிப்பாக வருவது: வேவ் வடிவில் உள்ள ஒலி. எந்த மென்பொருளும் இதைத் திறக்கும்.

ஓரளவு வருவது: மிடி. 1983-ல் எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்ட பொது மொழி அது. ஸ்வரங்கள் வரும், அதே வாத்தியம் வராது.

வராதது: எஃபெக்ட் அமைப்புகள், எதிரொலி, நுணுக்கமான மிக்ஸிங் வேலை. இரண்டு மென்பொருளிலும் அதே ப்ளக்-இன் இருந்தால் அமைப்பைச் சேமித்து எடுத்துப் போகலாம். அதற்கும் ப்ளக்-இன் வகை ஒத்துப்போக வேண்டும். விண்டோஸில் பரவலாக உள்ளது வி.எஸ்.டி. லாஜிக் ஏற்பது ஆடியோ யூனிட் மட்டும். புரோ டூல்ஸுக்கு ஏ.ஏ.எக்ஸ். வாங்கும்போது ஒரே ப்ளக்-இன்னை மூன்று வகையிலும் தரும் நிறுவனங்களே அதிகம். ஆனால் எல்லோரும் தருவதில்லை.

நடுவழியாகச் சில பொது வடிவங்களும் உண்டு. ஓ.எம்.எஃப்., ஏ.ஏ.எஃப். இரண்டும் படத் தொகுப்பு உலகிலிருந்து வந்தவை. எந்த ஒலித் துண்டு எந்த இடத்தில் என்பதைச் சொல்லும், ப்ளக்-இன்னைச் சுமக்காது. 2023-ல் பிட்விக், பிரிசோனஸ் நிறுவனங்கள் டாப்ராஜெக்ட் என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டன. இது ப்ளக்-இன் அமைப்புகளையும் சேர்த்துச் சுமக்கும். கியூபேஸ் 14-ம் இதை ஏற்றுக்கொண்டது. உங்கள் பழைய மென்பொருள், புதிய மென்பொருள் இரண்டிலுமே இந்த வசதி இருந்தால் பாதி வேலை மிச்சம்.

நம்ம ஊர் பாட்டுக்கு மட்டும் வரும் இரண்டு சிக்கல்

வெளிநாட்டு வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்று, கமகம். கீபோர்டில் நாதஸ்வரமோ வயலினோ வாசிக்கும்போது ஸ்வரத்தை வளைக்க இடது கைப்பக்கம் உள்ள சக்கரத்தைத் தள்ளுவோம். அது எவ்வளவு வளைய வேண்டும் என்ற அளவு பெரும்பாலும் மிடி ஃபைலில் பதிவாகாது, ப்ளக்-இன்னிலேயே தங்கிவிடும். பல ப்ளக்-இன்களில் வழக்கமான அளவு மேலே இரண்டு அரை ஸ்வரம், கீழே இரண்டு. நீங்கள் அதைப் பன்னிரண்டாக வைத்து வாசித்திருந்தால், புதிய இடத்தில் அந்தக் கமகம் ஆறில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். தோடியில் இழுத்தது ஏதோ விக்கல் மாதிரிக் கேட்கும். மாறுவதற்கு முன் அந்த அளவை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டு, காலப்பிரமாணம். சினிமாப் பாட்டு பெரும்பாலும் 'க்ளிக்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பாடுவது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி பாடுபவர்கள் அப்படிப் பாட மாட்டார்கள். பாடப் பாட வேகம் கூடும், நிறுத்தி மூச்சு விடுவார்கள். அதற்கு ஏற்றாற்போல் ரெக்கார்டிஸ்ட் மென்பொருளில் வேகத்தை இடத்துக்கு இடம் மாற்றி ஒரு டெம்போ மேப் போட்டிருப்பார். அதை மிடி ஃபைலோடு சேர்த்து ஏற்றுமதி செய்யாவிட்டால், குரல் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் போகும்.

சரி, படிப்படியா என்ன செய்யணும்?

அண்ணனோடு உட்கார்ந்து நாங்கள் செய்ததையே சொல்கிறேன்.

முதல் வேலை: பழைய மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஃபார்மேட் வேண்டாம், விண்டோஸ் அப்டேட்டும் இப்போதைக்கு வேண்டாம். மாற்றம் முடியும் வரை அது உங்கள் மொழிபெயர்ப்பாளர்.

இரண்டாவது: ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக எடுங்கள். முக்கியம், எல்லா ஃபைலும் பாட்டின் பூஜ்ஜிய நொடியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது சரணத்தில் மட்டும் வரும் உறுமியாக இருந்தாலும், முன்னால் மௌனத்தோடு சேர்த்தே எடுங்கள். அப்போதுதான் புதிய இடத்தில் எல்லாவற்றையும் இடது ஓரத்தில் வைத்தால் தானாகப் பொருந்தும்.

மூன்றாவது: எஃபெக்ட் போட்டது ஒரு தடவை, போடாதது ஒரு தடவை எடுங்கள். பழைய சத்தம் எப்படி இருந்தது என்று காட்ட முதலாவது. புதிதாக மிக்ஸ் செய்ய இரண்டாவது.

நான்காவது: எந்த சாம்பிள் ரேட்டில் பதிந்தீர்களோ அதிலேயே எடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட் என்றால் அதே. 44.1-ல் பதிந்ததை 48 என்று தவறாகத் திறந்தால் பாட்டு வேகமாக ஓடும், குரலும் மேலே ஏறிவிடும்.

ஐந்தாவது: மிடி ஃபைல், பாட்டின் வேகம், தாளம், ஸ்ருதி, பயன்படுத்திய ப்ளக்-இன்களின் பெயர். இவற்றையும் முடிந்த பாட்டின் ஒரு பிரதியையும் அதே போல்டரில் போடுங்கள்.

ஆறாவது: பெயர். அண்ணனின் போல்டரில் "ஆடியோ 23", "ஆடியோ 24" என்று இருநூறு ஃபைல் இருந்தன. எது குரல், எது உறுமி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். அதற்கே ஒரு சாயங்காலம் போயிற்று.

இதுக்கு எவ்வளவு இடம் வேணும்?

கணக்கு எளிது. 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட், மோனோ என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்.பி. ஐந்து நிமிடப் பாட்டில் ஒரு ட்ராக் 43 எம்.பி. நாற்பது ட்ராக் என்றால் 1.7 ஜி.பி. இப்படி 300 பாட்டு வைத்திருந்தாலும் 520 ஜி.பி.க்குள் அடங்கும். எஃபெக்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டு தடவை எடுத்தால் 1 டி.பி.யைக் கொஞ்சம் தாண்டும். ஒரு 2 டி.பி. டிஸ்க்கில் எல்லாம் போய்விடும். டிஸ்க்கை மட்டும் இரண்டாக வாங்குங்கள். ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில்.

எந்த சாஃப்ட்வேரில் சத்தம் நல்லா இருக்கும்?

அடிக்கடி வரும் கேள்வி. "புரோ டூல்ஸ்ல வெயிட்டா இருக்கும், மத்ததுல அப்படி வராது" என்பார்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரே ஃபைல்களை இரண்டு மென்பொருளிலும் எஃபெக்ட் எதுவும் இல்லாமல், ஒரே அளவில் கலந்து எடுங்கள். இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்து ஒன்றைத் தலைகீழாக்கி ஒன்றாக ஓட விடுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் ஒன்றை ஒன்று அழித்து மௌனம்தான் மிஞ்சும். அமைப்புகள் ஒத்திருந்தால் அப்படித்தான் ஆகும்.

பிறகு ஏன் வித்தியாசம் தெரிகிறது? பெரும்பாலும் காரணம் 'பேன் லா'. ஒலியை நடுவில் வைக்கும்போது எத்தனை டெசிபல் குறைக்க வேண்டும் என்ற விதி மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். அதனால் அதே மிக்ஸில் குரல் கொஞ்சம் முன்னால் வந்தோ பின்னால் போயோ நிற்கும். செட்டிங்கில் அதை ஒன்றாக்கிவிட்டால் பிரச்னை தீரும்.

அப்போ எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

சத்தத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரோடு வேலை செய்கிறீர்கள்? நீங்கள் பதிந்ததை வாங்கி மிக்ஸ் செய்பவர் எதை வைத்திருக்கிறாரோ அதுவே உங்களிடமும் இருந்தால் அலைச்சல் குறையும். அவர் வேவ் ஃபைல் மட்டும் போதும் என்றால் உங்களுக்கு முழு சுதந்திரம்.

என்ன கம்ப்யூட்டர்? லாஜிக் புரோவுக்கு மேக் அல்லது ஐபேட் வேண்டும். ஐபோனிலோ மேக்கிலோ கராஜ்பேண்டில் பழகியவர்களுக்கு அந்த மாற்றம் மிகச் சுலபம், ப்ராஜெக்ட்டை அப்படியே லாஜிக் திறக்கும். மற்ற பெரிய மென்பொருள்கள் விண்டோஸிலும் ஓடும்.

பணம் எப்படிக் கேட்கிறார்கள்? மாதச் சந்தாவா, ஒரே தடவையா? எஃப்.எல். ஸ்டுடியோ ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதுப்பிப்பு இலவசம். ரீப்பரை 60 நாள் முழுசாகச் சோதிக்கலாம், சிறிய வருமானக்காரர்களுக்கு உரிமம் 60 டாலர். மாதச் சந்தா நிறுத்தப்பட்டால் உங்கள் பழைய பாட்டைத் திறக்க முடியுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திருட்டுப் பிரதி பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். தப்பு என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கம்ப்யூட்டர் மாறினால் அது திரும்ப ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. அடுத்தவர் நம்பி ஒப்படைத்த குரலை அதன் மேல் வைக்கக் கூடாது.

கை பழகிய வேகம் போயிடுமே?

போகும், கொஞ்ச நாளைக்கு. கியூபேஸ், ஸ்டுடியோ ஒன் போன்றவற்றில் வேறு மென்பொருளின் ஷார்ட்கட் கீகளை அப்படியே தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. ரீப்பரில் நீங்களே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். இருந்தாலும் சீசன் நேரத்தில் மாறாதீர்கள். ஆடி மாத அம்மன் பாட்டு ஆர்டர் கையில் இருக்கும்போது புது மென்பொருளில் 'கட்' பட்டன் எங்கே என்று தேட முடியாது. கையில் உள்ள வேலையைப் பழையதில் முடியுங்கள். புது வேலையைப் புதியதில் ஆரம்பியுங்கள்.

அண்ணனும் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறார். ரீப்பரின் 60 நாள் சோதனையில் ஒரு விளம்பரப் பாட்டை முடித்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டர் ஓரமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. தினமும் கடை சாத்துவதற்கு முன் இரண்டு பாட்டை வேவ் ஃபைலாக எடுத்து டிஸ்க்கில் போடுகிறார்.

முதலில் எடுத்தது அந்தத் தாலாட்டைத்தான். நாதஸ்வரம் கிடைக்கவில்லை. குரலும் உறுமியும் சலங்கையும் மட்டும். பேரன் வந்து ஹெட்போனில் கேட்டார். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன் அப்பத்தா "ஆரம்பிக்கட்டுமாய்யா?" என்று கேட்பதும், அண்ணன் "ம், பாடுங்க ஆத்தா" என்பதும் அந்த ஃபைலில் இருந்தன. இறுதிப் பாட்டில் அதை வெட்டியிருந்தார்கள்.

"அதை வெட்டாமக் குடுங்கண்ணே" என்றார் பேரன்.

உங்களிடமும் இப்படி ஒரு பழைய செஷன் கிடக்கலாம். இன்று ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால், முதல் வேலையாகக் குரலை மட்டுமாவது வேவ் ஃபைலாக எடுத்து, பெயரும் தேதியும் போட்டு வையுங்கள்.